தென்னாப்பிரிக்காவில் டோர் ரிலே: லைனையும் மின்சாரத்தையும் பார்த்துத் தொடங்குங்கள்

இணையத்தில் யார், எங்கே போகிறார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பைத் தாங்குவது உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் செலவில் ஓட்டும் சில ஆயிரம் ரிலேக்கள், அதாவது தரவை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்தும் கணினிகள். ஒருவர் டோர் உலாவியில் ஒரு தளத்தைத் திறந்தால், அவருடைய தரவு மூன்று அடுக்கு மறையாக்கத்தோடு மூன்று ரிலேக்களைக் கடந்து போகிறது. முதல் ரிலேக்கு அவருடைய முகவரி தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசி ரிலேக்குப் போகும் இடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது.

இந்த ரிலேக்களில் பெரும்பங்கு ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா போன்ற சில நாடுகளில், அதுவும் சில பெரிய நிறுவனங்களின் தரவு மையங்களில் குவிந்து கிடக்கிறது. ஆப்பிரிக்கா முழுவதையும் சேர்த்தாலும் மிகச் சில. ஒரே முகவரித் தொகுதிக்குள், அதாவது ஐபி முகவரியின் முதல் இரண்டு எண்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில், இரண்டு ரிலேக்களை டோர் ஒரே பாதையில் சேர்க்காது. அதனால்தான் இன்னொரு கண்டத்தில், இன்னொரு நிறுவனத்தின் லைனில் நிற்கும் ஒரு ரிலேக்கு அதன் வேகத்தைத் தாண்டிய மதிப்பு உண்டு. டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருந்து நீங்கள் தருவது அந்த மதிப்பைத்தான்.

ஆனால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வேகம் இரண்டாம்பட்சம். 100 மெகாபிட் லைனில் தினமும் இரண்டு முறை விழுந்து எழும் ரிலேயைவிட, 10 மெகாபிட்டில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்பது பல மடங்கு பயன்படும். கீழே சொல்லும் எல்லா முடிவுகளும் இதை வைத்தே எடுக்கப்பட்டவை.

எதை ஓட்டுவது?

வீட்டு ஃபைபர் லைன் மட்டும் இருக்கிறதென்றால் உங்களுக்கு இரண்டு வழிகள்: ஸ்னோஃப்ளேக் (உலாவியிலேயே ஓடக்கூடிய சிறிய இடைவழி) அல்லது பிரிட்ஜ் (பொதுப் பட்டியலில் வராத நுழைவு ரிலே). வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது தரவு மையத்தில் ஒரு மெய்நிகர் சர்வர், எடுக்க முடியுமென்றால் நடு ரிலே. வெளியேறும் ரிலே, அதாவது எக்ஸிட், தொடங்குபவர்களுக்கு வேண்டாம். காரணத்தைச் சட்டப் பகுதியில் சொல்கிறோம்.

வீட்டில் ஏன் நடு ரிலே வேண்டாம் என்கிறோம்? எல்லா ரிலேக்களின் முகவரிகளும் பொதுப் பட்டியலில் ஒவ்வொரு மணி நேரமும் வெளியாகின்றன. பல வங்கிகளும் படம் காட்டும் சேவைகளும் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து, எக்ஸிட்டா நடு ரிலேயா என்று பிரிக்காமல் எல்லா முகவரிகளையும் தடுத்துவிடுகின்றன. நீங்கள் ரிலே தொடங்கிய சில நாட்களில் அம்மாவின் வங்கிச் செயலி திறக்காது, பிள்ளைகள் பார்க்கும் தொடர் ஓடாது. வீட்டில் சண்டை வந்து ரிலே நிற்கும். பிரிட்ஜின் முகவரி அந்தப் பட்டியலில் வராது. ஸ்னோஃப்ளேக்கும் அப்படித்தான்.

இந்த இரண்டும் தேவைப்படுபவர்கள், டோரே தடுக்கப்பட்ட நாடுகளில் இருப்பவர்கள். தடுப்பவர்கள் செய்யும் முதல் வேலை, பொதுப் பட்டியலில் உள்ள ரிலே முகவரிகளை அடைப்பது. பட்டியலில் இல்லாத பிரிட்ஜ்தான் அப்போது உள்ளே போகும் வழி. ரஷ்யா 2021 டிசம்பரில் டோரைத் தடுத்தது. மியன்மாரில் 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த சில நாட்களில் ஃபேஸ்புக் அடைக்கப்பட்டது, பிறகு இரவுதோறும் இணையமே வெட்டப்பட்டது. இணையத்தையே முழுதாக வெட்டினால் பிரிட்ஜால் ஒன்றும் செய்ய முடியாது. தளங்களை மட்டும் அடைக்கும்போது அது உதவும். இலங்கையிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் அடைக்கப்பட்டதை நம்மில் பலர் அங்குள்ள உறவினர்களோடு பேச முடியாமல் தவித்தபோது அறிந்தோம். சாட்ஸ்வொர்த்திலோ லெனேசியாவிலோ உள்ள ஒரு வீட்டின் மிச்ச பேண்ட்வித் இத்தகைய நேரங்களில் யாருக்கோ வழியாகிறது.

முதலில் லைனைச் சோதியுங்கள்

எதையும் நிறுவும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்குப் பொது ஐபி முகவரி இருக்கிறதா? ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘வான்’ முகவரி என்று ஒன்று இருக்கும். பிறகு, என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் நல்லது. ரௌட்டரில் உள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று பொருள். இதை சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியைத் தொட முடியாது, ஆகவே பிரிட்ஜ் ஓடாது. சில இணைய நிறுவனங்கள் கேட்டால் பொது முகவரி தருகின்றன, சிலவற்றில் மாதக் கட்டணம் உண்டு. கைபேசி டேட்டாவிலும் சிம் போட்ட ரௌட்டர்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். மாற்ற வழியில்லையென்றால் ஸ்னோஃப்ளேக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது சிஜிநாட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும்.

அப்லோடு வேகம் எவ்வளவு? ரிலே வாங்குவதை எல்லாம் திருப்பி அனுப்புகிறது. 50 மெகாபிட் டவுன்லோடு, 5 மெகாபிட் அப்லோடு லைனில் உங்கள் ரிலேயின் வேகம் 5 தான். பிரிட்ஜுக்கு இரு திசையிலும் குறைந்தது 1 மெகாபிட் போதும். நடு ரிலேக்கு டோர் திட்டம் கேட்பது குறைந்தது 10 மெகாபிட், 16 இருந்தால் நல்லது.

ரௌட்டர் தாங்குமா? இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒரு நடு ரிலே ஒரே நேரத்தில் 7,000 இணைப்புகள் வரை வைத்திருக்கக்கூடும். ஃபைபர் நிறுவனம் இலவசமாகத் தரும் சிறிய ரௌட்டரின் நினைவில் உள்ள இணைப்பு அட்டவணை அதற்குள் நிரம்பிவிடும். அப்புறம் லைன் வேகமாக இருந்தும் வீட்டில் எந்தப் பக்கமும் திறக்காது, ரௌட்டரை அணைத்துப் போட்டால் சிறிது நேரம் சரியாகும். இந்த அறிகுறியைப் பார்த்தால் லைனைக் குறை சொல்லாதீர்கள். பிரிட்ஜில் இணைப்புகள் மிகக் குறைவு என்பதால் இந்தச் சிக்கல் அநேகமாக வராது; வீட்டுக்குப் பிரிட்ஜ் ஏற்றது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மின்வெட்டைக் கணக்கில் எடுங்கள்

லோட் ஷெடிங் 2023-ல் இருந்த மோசமான நிலையிலிருந்து குறைந்துவிட்டது. ஆனாலும் அது திரும்பவே வராது என்று நம்பி ரிலே அமைக்கக் கூடாது. தவிர, கேபிள் திருட்டாலும் துணை மின்நிலையப் பழுதாலும் போகும் மின்சாரம் எந்த அட்டவணையிலும் இருக்காது.

மின்சாரம் போனால் ரிலே நிற்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. ரௌட்டர் அணைந்து மீண்டும் எழும்போது பல லைன்களில் ஐபி முகவரி மாறிவிடுகிறது. உங்கள் பிரிட்ஜின் பழைய முகவரியைப் பெற்று வைத்திருந்தவருக்கு அது செத்த முகவரி. அவர் புதிதாக ஒன்றைத் தேட வேண்டும், அவர் இருக்கும் நாட்டில் அது எளிதல்ல. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் ஓட்டினால் இன்னும் இரண்டு தொல்லைகள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி அட்டை கெடும். பை 4 வரையான மாடல்களில் மின்சாரம் இல்லாதபோது நேரம் காக்கும் கடிகாரமே இல்லை. 5-ல் உண்டு, ஆனால் அதற்குப் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எழுந்ததும் தவறான நேரத்தோடு டோர் தொடங்கி, கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று பதிவேட்டில் புலம்பி, இணைய முடியாமல் நிற்கும். நேர ஒத்திசைவுச் சேவை இயங்குகிறதா என்று ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் பார்த்து உறுதி செய்யுங்கள். எஸ்டி அட்டைக்குப் பதிலாக யுஎஸ்பி வழியே ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுவது செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

பேட்டரி எவ்வளவு வேண்டும்? பை சுமார் 5 வாட், ரௌட்டர் சுமார் 10, சுவரில் உள்ள ஃபைபர் பெட்டி சுமார் 5, ஆக 20 வாட். இரண்டரை மணி நேர வெட்டுக்கு 50 வாட்மணி, நாலரை மணி நேரத்துக்கு 90 வாட்மணி தேவை. கடைகளில் ரௌட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் பெட்டியில் 8,800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் சுமார் 32 வாட்மணிதான் வரும், 20 வாட் சுமைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் மூன்றையும் அதில் மாட்டிவிடுங்கள். ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டு ரௌட்டரை மட்டும் மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஸ்னோஃப்ளேக்: பத்து நிமிட வேலை

ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமில் ஸ்னோஃப்ளேக் நீட்சியை நிறுவி இயக்கிவிட்டால் முடிந்தது. உலாவி திறந்திருக்கும் வரை, தடுக்கப்பட்ட நாட்டில் உள்ள ஒருவர் உங்கள் வழியாக டோருக்குள் போவார். காணொளி அழைப்புகள் பயன்படுத்தும் அதே வெப்ஆர்டிசி நுட்பத்தில் தரவு போவதால் தனியே பிரித்துத் தடுப்பது கடினம். 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டங்கள் வெடித்தபோது ஸ்னோஃப்ளேக் பயன்பாடு பெருமளவு ஏறியது. உங்கள் முகவரியிலிருந்து எந்தத் தளத்துக்கும் நேரடியாகப் போக்குவரத்து போகாது, டோருக்குள் மட்டுமே போகும்.

எப்போதும் இயங்கும் கணினி இருந்தால் நீட்சிக்குப் பதிலாக டெபியன் லினக்ஸில் உள்ள ‘ஸ்னோஃப்ளேக்-ப்ராக்ஸி’ பொதியைப் போடுங்கள். எத்தனை இணைப்புகள் வந்தன என்று மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுதும். அதில் உங்கள் நாட் வகை (ரௌட்டர் முகவரியைப் பங்கிடும் விதம்) ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று வந்தால் குறைவான பயனர்களே பொருந்துவார்கள், ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்றால் எல்லோருக்கும் பொருந்தும். சிஜிநாட்டில் முதல் வகைதான் பெரும்பாலும் வரும், அதுவும் பயனுள்ளதே.

பிரிட்ஜ்: படிப்படியாக

கீழே வரும் அமைப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், சொல்லுக்குள் இடைவெளி விடாமல் தட்ட வேண்டும்.

தேவை: பழைய மடிக்கணினி அல்லது ராஸ்பெர்ரி பை, 512 மெகாபைட் நினைவகம், 200 மெகாபைட் வட்டு இடம், டெபியன். பையில் 64 பிட் இயங்குதளத்தையே போடுங்கள், ஏனென்றால் டோர் திட்டத்தின் களஞ்சியம் பையின் 32 பிட் வகைக்குப் பொதிகள் தருவதில்லை.

1. டெபியனோடு வரும் டோர் பொதி பழையதாக இருக்கலாம். டோர் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தை அதன் கையொப்பச் சாவியோடு ‘ஆப்ட்’ பட்டியலில் சேர்த்து, அங்கிருந்து ‘டோர்’ பொதியை நிறுவுங்கள். கூடவே ‘ஓபிஎஃப்எஸ்4ப்ராக்ஸி’ பொதியும் வேண்டும். தரவை எந்த நெறிமுறை என்றே தெரியாத குப்பைபோல உருமாற்றி அனுப்புவது இதுதான். இது இல்லாத பிரிட்ஜை ஆழ்ந்து சோதிக்கும் அரசுகள் எளிதில் கண்டுபிடிக்கும்.

2. ‘அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ பொதியையும் இப்போதே போட்டு, டோர் களஞ்சியத்தையும் அதன் பட்டியலில் சேருங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால் செய்யமாட்டீர்கள்.

3. இரண்டு போர்ட் எண்களைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் 1024-க்கு மேல். 9001 வேண்டாம். அது டோரின் வழக்கமான போர்ட் என்று தடுப்பவர்களுக்குத் தெரியும், இணையம் முழுவதும் அதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள். 1024-க்குக் கீழே உள்ள எண்களுக்குக் கூடுதல் அனுமதி அமைப்பு தேவை, தொடக்கத்தில் அந்தச் சிக்கல் வேண்டாம்.

4. ‘எட்சி’ கோப்புறைக்குள் ‘டோர்’ கோப்புறையில் உள்ள ‘டோர்ஆர்சி’ கோப்பைத் திறந்து இந்த வரிகளை எழுதுங்கள். ‘பிரிட்ஜ்ரிலே’ 1. ‘ஓஆர்போர்ட்’ என்பதற்கு முதல் எண். ‘சர்வர்டிரான்ஸ்போர்ட்பிளகின்’ என்பதற்கு ‘ஓபிஎஃப்எஸ்4 எக்ஸெக்’ என்று எழுதி, தொடர்ந்து அந்த நிரல் இருக்கும் முழுப் பாதை. ‘சர்வர்டிரான்ஸ்போர்ட்லிஸன்அட்ர்’ என்பதற்கு ‘ஓபிஎஃப்எஸ்4’, பிறகு 0.0.0.0, முக்காற்புள்ளி, இரண்டாவது எண். ‘எக்ஸ்ட்ஓஆர்போர்ட்’ ‘ஆட்டோ’. ‘நிக்நேம்’ என்பதற்கு 19 எழுத்துகளுக்குள், எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட ஒரு பெயர். ‘கான்டாக்ட்இன்ஃபோ’ என்பதற்கு இதற்கென்றே தொடங்கிய ஒரு மின்னஞ்சல். உங்கள் வீட்டுப் பெயரையோ ஊரையோ நிக்நேமில் போட வேண்டாம்.

5. ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்துக்குப் போய் அந்த இரண்டு போர்ட்களையும் இந்தக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். வெளி எண்ணும் உள் எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். மாற்றி வைத்தால் பிரிட்ஜ் தவறான எண்ணை ஊருக்குச் சொல்லும். கணினிக்கு வீட்டு வலையில் நிலையான உள் முகவரி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ரௌட்டர் மறுதொடக்கத்தில் அது மாறி, போர்ட்கள் வேறு யாருடைய கைபேசிக்கோ திரும்பும். கணினியில் ஃபயர்வால் இருந்தால் அதிலும் இரண்டையும் திறங்கள்.

6. டோர் சேவையை மறுதொடக்கம் செய்து, ‘ஜர்னல்சிடிஎல்’ மூலம் பதிவேட்டைப் படியுங்கள். ஓஆர்போர்ட் வெளியிலிருந்து எட்டுகிறது என்று ஒரு வரியும், ஓபிஎஃப்எஸ்4 பதிவானது என்று ஒரு வரியும் வர வேண்டும். முதல் வரி ஓஆர்போர்ட்டை மட்டுமே சோதிக்கிறது. இரண்டாவது போர்ட்டை டோர் தானாகச் சோதிக்காது. டோர் திட்டத்தின் பிரிட்ஜ் தளத்தில் போர்ட் சோதிக்கும் பக்கம் உண்டு, அங்கே முகவரியும் எண்ணும் கொடுத்துப் பாருங்கள். ஓஆர்போர்ட் திறந்து ஓபிஎஃப்எஸ்4 மூடிக் கிடக்கும் பிரிட்ஜ்தான் புதியவர்கள் அமைப்பதில் அதிகம் காணப்படும் கோளாறு. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும், யாரும் வரமாட்டார்கள்.

சில மணி நேரம் கழித்து டோர் மெட்ரிக்ஸ் தளத்தின் ரிலே தேடலில் உங்கள் பிரிட்ஜைப் பார்க்கலாம். அதற்கு ‘ஹாஷ்டு-ஃபிங்கர்பிரிண்ட்’ என்ற கோப்பில் உள்ள எண்ணைப் பயன்படுத்துங்கள். பிரிட்ஜின் முகவரியையும் நேரடிக் கைரேகையையும், அதாவது அதன் அடையாள எண்ணையும், எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். படம் எடுத்துப் போடும்போதும் கவனம். பட்டியலில் இல்லாமல் இருப்பதுதான் அதன் பயனே.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் இதயத்துடிப்பு வரி ஒன்று வரும், எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும். முதல் சில வாரங்கள் அது சுழியமாகவே இருக்கலாம். புதிய பிரிட்ஜ்களை டோர் திட்டம் பல வழிகளில் பிரித்துக் கொடுக்கிறது. உங்களுடையது எப்போது யாரைச் சேரும் என்பது அந்தப் பங்கீட்டைப் பொறுத்தது. பொறுமை இழந்து அழித்துப் புதிதாகத் தொடங்கினால் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள்.

நடு ரிலே: வாடகை சர்வரில்

விபிஎஸ் எடுக்கும் முன் அந்த நிறுவனத்துக்கு எழுதி, வெளியேறும் வழியில்லாத டோர் ரிலே ஓட்டலாமா என்று கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாதத் தரவு அளவைப் பாருங்கள். 10 மெகாபிட் வேகத்தில் ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 108 ஜிகாபைட், 30 நாளுக்கு 3.24 டெராபைட். இரு திசையையும் எண்ணும் நிறுவனமானால் 6.48. வெளியே போவதை மட்டும் எண்ணி 4 டெராபைட் தரும் திட்டத்தில் சராசரி 12 மெகாபிட் ஓட்டலாம். இரு திசையும் சேர்த்து 500 ஜிகாபைட் என்றால் சராசரி 1 மெகாபிட்டுக்கும் கீழே, அந்தத் திட்டத்தைப் பிரிட்ஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் பேண்ட்வித் ஐரோப்பாவைவிட விலை அதிகம் என்பதால் இந்தக் கணக்கைப் போடாமல் பணம் கட்டாதீர்கள்.

கோப்பில் ‘ஓஆர்போர்ட்’ 443, ‘எக்ஸிட்ரிலே’ 0, ‘சாக்ஸ்போர்ட்’ 0, நிக்நேம், தொடர்பு மின்னஞ்சல். சர்வரில் ஐபிவி6 சரியாக வேலை செய்யவில்லையென்றால் ஓஆர்போர்ட் வரியின் இறுதியில் ‘ஐபிவி4ஒன்லி’ என்று சேருங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த ‘ரிலேபேண்ட்வித்ரேட்’, ‘ரிலேபேண்ட்வித்பர்ஸ்ட்’. இங்கே அலகில் தடுமாறுபவர்கள் நிறைய. பைட் என்று எழுதினால் பிட்டைப்போல எட்டு மடங்கு போகும். 10 மெகாபிட் வேண்டுமென்றால் ‘10 எம்பிட்ஸ்’ என்றே எழுதுங்கள்.

மாத அளவைத் தாண்டாமல் இருக்க ‘அக்கவுண்டிங்மேக்ஸ்’ என்று ஒன்று உண்டு. அது தானாக எண்ணுவது உள்ளே வருவது, வெளியே போவது இரண்டில் எது பெரிதோ அதை. 500 ஜிகாபைட் என்று வைத்தால் மொத்தம் 1 டெராபைட் வரை போகலாம். கூட்டி எண்ண ‘அக்கவுண்டிங்ரூல் சம்’ வேண்டும். அளவு தீர்ந்ததும் ரிலே உறங்கிவிடும். 20-ஆம் தேதி உறங்கி 1-ஆம் தேதி விழிக்கும் ரிலேயை நிலையானது என்று வலையமைப்பு எண்ணாது. எனவே வேகத்தைக் குறைத்து வைத்து மாதம் முழுவதும் ஓடவிடுங்கள், அக்கவுண்டிங்கைப் பாதுகாப்பு வேலியாக மட்டும் வையுங்கள்.

40 மெகாபிட்டுக்கு மேல் போனால் 1 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். டோரின் பெரும்பகுதி வேலை ஒரே செயலி மையத்தில் நடப்பதால் எட்டு மையங்கள் வாங்கிப் பயனில்லை, ஏஇஎஸ் மறையாக்கத்தை வன்பொருளிலேயே செய்யும் செயலியா என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் அந்த வசதி இல்லை, 5-இல் உண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட ரிலேக்கள் ஓட்டினால் ‘மைஃபேமிலி’ வரியில் ஒவ்வொன்றின் கைரேகையையும் மற்றவற்றில் எழுத வேண்டும். அப்போதுதான் ஒருவருடைய பாதையில் உங்கள் ரிலேக்கள் இரண்டு சேராது. இதில் விட்டுவிடுபவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் உண்டு, நியாயமானதும்கூட. பிரிட்ஜின் கைரேகையை மட்டும் இதில் ஒருபோதும் எழுதாதீர்கள்.

ஏன் போக்குவரத்து வரவில்லை?

முதல் மூன்று நாட்கள் உங்கள் ரிலே அளக்கப்படாதது, மிகச் சிறிதளவே வரும். அதன்பின் பேண்ட்வித் அளக்கும் சர்வர்கள் உங்களைச் சோதித்து, எவ்வளவு போக்குவரத்து அனுப்பலாம் என்ற எடை கொடுக்கும், போக்குவரத்து ஏறும். எட்டு நாள் கடந்து, நிலையாகவும் வேகமாகவும் இருந்தால் ‘கார்டு’, அதாவது பயனர்களின் முதல் ரிலேயாக நிற்கலாம் என்ற முத்திரை கிடைக்கும். கிடைத்ததும் போக்குவரத்து கூடும் என்று எதிர்பார்ப்பீர்கள், குறையும். நடுவில் நிற்பதற்கு உங்களைத் தேர்ந்தெடுப்பது குறைகிறது, ஆனால் பயனர்கள் தங்கள் முதல் ரிலேயை மாதக்கணக்கில் மாற்றுவதில்லை என்பதால் புதிய பயனர்கள் மெதுவாகத்தான் சேர்வார்கள். சுமார் 68-ஆம் நாள் வரை இந்தப் பள்ளம் நீளலாம். பலர் இந்தக் கட்டத்தில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணி அமைப்புகளைக் குடைகிறார்கள்.

இங்கிருந்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அளக்கும் சர்வர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கின்றன. டர்பனுக்கு வடக்கே முட்டுன்சினியிலோ மேற்குக் கரையிலோ கரையேறும் கடலடிக் கேபிள்கள் வழியாக அங்கே போய்வர 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். அந்தத் தொலைவில் அளக்கப்படும் வேகம் உங்கள் லைனின் உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே வரும், எடையும் குறையும். 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரே நேரத்தில் நான்கு கேபிள்கள் பழுதானது போன்ற நாட்களில் இன்னும் இறங்கும். சர்வரில் கோளாறு தேடும் முன் கேபிள் செய்திகளைப் பாருங்கள்.

சட்டம்

டோரைப் பயன்படுத்துவதையோ ரிலே ஓட்டுவதையோ தடுக்கும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் இல்லை. அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு தனியுரிமையை, தகவல் பரிமாற்றத்தின் தனியுரிமையையும் சேர்த்து, உரிமையாக்குகிறது.

2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, தரவை வெறுமனே கடத்துபவருக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இதைப் படித்துவிட்டு எக்ஸிட் ஓட்டலாம் என்று கிளம்புபவர்கள் அதற்கு முந்தைய 72-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொழில் அமைப்பில் உறுப்பினராக இருந்து அதன் நடத்தை விதிகளைப் பின்பற்றுபவருக்கே அந்தப் பாதுகாப்பு. இணைய நிறுவனங்களின் சங்கமான ஐஎஸ்பிஏ அப்படிப்பட்ட அமைப்பு. வீட்டிலிருந்து ஓட்டும் தனி ஆள் அதில் இல்லை. எக்ஸிட்டில் இருந்து யாரோ செய்யும் தவறுகளுக்கான புகார்கள் உங்கள் முகவரிக்கு வரும், 77-ஆம் பிரிவின் நீக்கக் கோரிக்கைகளும் வரலாம். ஒரு வழக்கறிஞரும், ஒத்துக்கொண்ட தரவு மையமும், புகார்களுக்குப் பதில் எழுத ஆளும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வீட்டு லைனில் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

நடு ரிலே, பிரிட்ஜ், ஸ்னோஃப்ளேக் மூன்றிலும் தரவு உங்களிடமிருந்து டோருக்குள்ளேயே போகிறது, இத்தகைய புகார்கள் வருவது அரிது. உங்கள் பங்குக்கு ஒரு கடமை: போக்குவரத்தைப் பதியாதீர்கள். டோர் தன் பதிவேட்டில் முகவரிகளை மறைத்தே எழுதும், அந்த அமைப்பை மாற்ற வேண்டாம். ஆர்வத்துக்காகக்கூட ‘டிசிபிடம்ப்’ போன்ற போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் நிரலைப் போட்டுப் பார்க்காதீர்கள். உங்களை நம்பி வருபவர்களின் முகவரி உங்கள் வட்டில் இருந்தால், யாராவது அதை எடுக்க முடியும்.

பராமரிப்பு

ரிலேயின் அடையாளம் அதன் சாவிக் கோப்புகளில் இருக்கிறது: ‘வார்’, ‘லிப்’, ‘டோர்’ என்று உள்ளே போனால் வரும் ‘கீஸ்’ கோப்புறை. தொடங்கிய அன்றே அதை மறையாக்கம் செய்த ஒரு யுஎஸ்பியில் நகலெடுங்கள். பிரிட்ஜானால் அருகில் உள்ள ‘பிடி_ஸ்டேட்’ கோப்புறையையும் சேர்த்து எடுங்கள், ஓபிஎஃப்எஸ்4 சாவி அங்கேதான் இருக்கிறது. சர்வர் மாறினால் இவற்றைப் புதிய இடத்தில் வைத்து, உரிமையாளரை டோரின் பயனர் கணக்காக மாற்றித் தொடங்குங்கள், சேர்த்த பெயர் அப்படியே தொடரும். சாவி தொலைந்தால் இரண்டு மாதப் பொறுமை மீண்டும் முதலிலிருந்து. பழைய சர்வரையும் புதியதையும் ஒரே சாவியோடு ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது.

வாரம் ஒருமுறை பதிவேடும், ரிலே தேடல் பக்கமும் பார்த்தால் போதும். தொடர்பு மின்னஞ்சலையும் அப்போதே திறந்து பாருங்கள், உங்கள் ரிலே தவறாக நடந்தால் டோர் திட்டத்தினர் எழுதும் இடம் அதுதான். காலாவதியான பதிப்பில் ஓடும் ரிலேக்களை, பொதுப் பட்டியலை வெளியிடும் அடைவு சர்வர்கள் காலப்போக்கில் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விட்டுவிடத் தீர்மானித்தால் சேவையை நிறுத்துங்கள், பிரிட்ஜானால் ரௌட்டரில் திறந்த போர்ட்களையும் மூடுங்கள். விபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் ‘கீஸ்’ கோப்புறையை அழித்துவிடுங்கள்.